எல்லையோரத்தில் ஓபியாய்டு (அபின் வகைப் போதை) சிகிச்சை: அரசு சேவைக்கு 5க்கு 3

கேரள எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் பாலக்காடு மாவட்டத்துக்கான போதை மீட்பு மையம் அட்டப்பாடியில், கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் மருத்துவமனையில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மன்னார்க்காடு சுற்றிச் சுரம் ஏறுவதைவிட, கோயம்புத்தூர் போய் ஆனைக்கட்டி வழியாக நுழைவதுதான் சௌகரியம். சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மாநிலம் வழியாகப் பயணம்! சிகிச்சை இலவசம். புறப்படும் முன் விமுக்தியின் 14405க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் உதவி எண் 14446.

போனில் முதலில் கேட்க வேண்டியது படுக்கை இருக்கிறதா என்பதல்ல. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து வாங்க வேண்டும் என்பதுதான். நம் பக்கத்து மையங்களின் பழக்கம் பெரும்பாலும் குடிநோயாளிகளோடு. பிரவுன் சுகர் (ஹெராயின்), ட்ரமடால், டாபென்டடால் வலி மாத்திரை கேஸுக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

அந்த மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய வேண்டும். ஐந்து பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் வீண். பெரும்பாலும், ஓபியாய்டு வேலை செய்வதைத் தடுக்கும் நாலோக்சோன் சேர்ந்தே வரும்: 2 மி.கி.க்கு 0.5 மி.கி. கரைத்து ஊசியில் ஏற்றாமல் இருக்கத்தான் அந்தச் சேர்க்கை. முதல் நாள் வழக்கமாக 2 முதல் 4 மி.கி. கொடுத்துப் பார்த்து, பிறகு ஏற்றுவார்கள். கடைசியாக ஹெராயின் எடுத்து 8 முதல் 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தொடங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் உடல்வலியும் வாந்தியும் ஒரேயடியாகத் தாக்கும். “மருந்து ஒத்துக்கல” என்று பலர் ஓடிப்போவது அங்கேதான். கடைசியாக எடுத்த நேரத்தை மறைக்காமல் சொல்வது அதனால்தான் முக்கியம்.

படுக்கைச் சிகிச்சைக்கு மதிப்பெண் தாராளமாகவே போடலாம். நடுக்கமும் வயிற்றுப்போக்கும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். மதிப்பெண் குறைவது அதற்குப் பிறகு. “சுத்தமாயிட்டான்” என்று வீட்டுக்கு அனுப்பி, மாத்திரையையும் நிறுத்திவிட்டால் ஆபத்து கூடுகிறது: உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், முன்பு எடுத்த அதே அளவே மூச்சை நிறுத்திவிடும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மாத்திரை தொடர வேண்டும். அது இன்னொரு போதை அல்ல, சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவது மாதிரி. ஓபியாய்டு எடுத்தாலும் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் வேண்டுமென்றால் எல்லா ஓபியாய்டும் நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஊசி போடுபவர்களுக்கு நாக்கோவின் (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) ஓஎஸ்டி (ஓபியாய்டு மாற்று மருந்துச் சிகிச்சை) மையங்களில் இலவச மருந்து உண்டு. வழக்கமாக அதை ஊழியர் கண்முன் தினமும் போட்டுக்கொள்ள வேண்டும். தோப்பில் தேங்காய் பறிப்பவரோ கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரோ தினசரி கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? 2020 ஊரடங்கில் நாக்கோவே வீட்டுக்கு மாத்திரை கொடுக்க அனுமதித்தது. நிலைத்துவிட்ட நோயாளிக்கு வாரம் ஒருமுறை, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தால் நான்காவது நட்சத்திரம் கொடுக்கலாம். வெளியில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அலைய வேண்டாம், அங்கே கிடைக்கிற மருந்து அல்ல இது.

போலீஸ் பயத்தில் வராதவர்களுக்கு ஒரு சேதி: என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்து, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால் பாதுகாப்பு தருகிறது. பாதியில் விட்டால் அதை விலக்கிக்கொள்ளலாம். சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் சீட்டு, தொடர் ஓபி சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். எல்லை தாண்டி வேறு மாவட்டத்தில் மருந்தைத் தொடர்வதற்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டுகளைத்தான்.