டிரெய்லர் வால் ஆடாமல் இழுக்க எந்த ஹிட்ச்?

பெரிய லாரி ஒன்று நம்மை முந்திப் போகும்போது பின்னால் வரும் டிரெய்லர் என்ன செய்கிறது என்பதைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். லாரியின் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் டிரெய்லரின் பின்மூலையை ஓரமாகத் தள்ளும். லாரி கடக்கக் கடக்க, அதே பக்கம் உள்ளே இழுக்கும். ஸ்டியரிங் பிடித்திருக்கும் கைக்கு அந்தத் தள்ளலும் தெரியும், இழுப்பும் தெரியும்.

என் 24 அடி டிரெய்லரை முதலில் ஒற்றை ஃபிரிக்‌ஷன் பாரோடுதான் (ஆட்டத்தை உராய்வால் அடக்கும் தகடு) இழுத்தேன். விற்ற கடையில் அது போதும் என்று சொல்லியிருந்தார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு லாரி கடந்தது. டிரெய்லர் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம் போனது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கின் கைநெம்புகோலை மெல்ல அழுத்தினேன். ஆட்டம் அடங்கியது. சில நொடிகள்தான், ஆனால் இறங்கி நின்றபோது முழங்கால் நடுங்கியது. அதற்குப் பிறகுதான் வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்களைப் பற்றி உட்கார்ந்து படித்தேன், மூன்று வகைகளை என் டிரெய்லரிலேயே மாட்டிப் பார்த்தேன்.

ஹிட்ச்சுக்குப் போகுமுன் பாரத்தைப் பேசியாக வேண்டும். மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அதே கணக்குதான் இங்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரெய்லரின் முன்முனை உட்காரும் உருண்டையின் மேல், இறங்க வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. இது வட அமெரிக்க டிரெய்லர்களுக்கான கணக்கு. ஐரோப்பிய கேரவன்களின் வடிவமும் வேக வரம்பும் வேறு, அங்கே 5 முதல் 7 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள்.

பின்பாரம் ஏறினால் என்ன ஆகும்? பந்திலிருந்து டிரெய்லர் அச்சு 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 4 மீட்டர் பின்னால், பம்பரில், சைக்கிள்களும் ஸ்டாண்டும் சேர்ந்து 40 கிலோ தொங்குகிறது. டங் வெயிட்டில் 32 கிலோ குறைந்துவிடும். மொத்த எடையோ 40 கிலோ கூடியிருக்கும். சதவீதம் இரண்டு வழியிலும் அடி வாங்குகிறது. தண்ணீர் டேங்க் அச்சுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம், 150 லிட்டர் என்றால் 150 கிலோ. என் டிரெய்லரில் அன்று ஆடியதற்குப் பாதிக் காரணம் நிரம்பிய டேங்க்தான் என்பதை எடைமேடையில் ஏற்றிய பிறகே கண்டுபிடித்தேன்.

ஆட்டம் ஊஞ்சலைப் போன்றது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஒரு தள்ளு தள்ளினால் தானாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல வளரும். பாரம் சரியாக இருந்தால் அந்த வேகம் நாம் ஓட்டும் வேகத்துக்கு வெகு மேலே இருக்கும். தவறாக இருந்தால் நாம் தினமும் ஓட்டும் வேகத்துக்கே இறங்கிவிடும். நல்ல ஹிட்ச் அந்த எல்லையை மேலே தூக்குகிறது, ஆனால் எல்லையே இல்லாமல் செய்ய எதனாலும் முடியாது. பின்பாரம் ஏற்றிய டிரெய்லருக்கு விலை உயர்ந்த ஹிட்ச் மாட்டுவது காய்ச்சலை மறைக்க மாத்திரை போடுவது மாதிரி.

சரி, இனி ஹிட்ச்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு வேலைகளை வைத்து விற்கிறார்கள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எடையைப் பகிர்வது: பந்தின் மேல் இறங்கும் பாரம் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரங்களைத் தூக்கிவிடும், ஸ்பிரிங் பார்கள் என்னும் எஃகுத் தண்டுகள் அதை நெம்பி முன்அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். மற்றது ஆட்டத்தைத் தடுப்பது. முதல் வேலையை எல்லா நல்ல ஹிட்ச்சும் செய்யும். இரண்டாவதில்தான் வித்தியாசம்.

ஒற்றை ஃபிரிக்‌ஷன் பாரை விரைவாகத் தாண்டிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் சின்னப் பந்தில் மாட்டி, கைப்பிடியைத் திருகி இறுக்கும் தகடு அது. சின்ன டிரெய்லருக்கு உதவும். ரிவர்ஸ் எடுக்குமுன் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வளையும். ஈரச் சாலையிலும் பனியிலும் இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லித் தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள், அதாவது நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது. 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஈக்வலைசர் போன்ற நாலுமுனை உராய்வு ஹிட்ச்தான் இன்று என் டிரெய்லரில் இருக்கிறது. இதில் சங்கிலி கிடையாது. கெட்டியான இரண்டு பார்கள், டிரெய்லரின் ஏ-ஃபிரேமில் (முன்னால் கூம்பிவரும் சட்டம்) பொருத்திய எல் வடிவத் தாங்கிகளின் மேல் படுத்திருக்கும். டிரெய்லர் திரும்ப முயன்றால் பார்களின் முனை அந்தத் தாங்கிகளில் உரசும், மறுமுனை ஹிட்ச் தலையின் சாக்கெட்டுக்குள் உரசும். அந்த நான்கு உராய்வுகளும் எப்போதும் இருப்பவை. ஈரத்தில் கழற்ற வேண்டாம், ரிவர்ஸுக்கும் கழற்ற வேண்டாம். குறை சத்தம். பெட்ரோல் பங்க்கில் மெல்லத் திரும்பும்போது இரும்பும் இரும்பும் உரசும் முனகலுக்கு எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த முனகல் கேட்கும்போதெல்லாம் உராய்வு உயிரோடு இருக்கிறது என்று எனக்கு நிம்மதிதான். சாக்கெட் போல்ட்டுகளின் டார்க்கை, அதாவது இறுக்கத்தை, அவ்வப்போது பார்க்க வேண்டும். என்னுடையது முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகே தளர்ந்திருந்தது.

உராய்வுக்கு ஒரு இயல்பு உண்டு: அது எந்தத் திசையில் போனாலும் தடுக்கும், நேராக்காது. டிரெய்லர் கொஞ்சம் கோணலாக நின்றால் அந்தக் கோணலையும் பிடித்துக்கொள்ளும். ரீஸ் நிறுவனத்தின் டூயல் கேம் இங்கேதான் வேறுபடுகிறது. பார்களின் வளைந்த முனைகள் கேம் எனும் இரண்டு வளைவுத் துண்டுகளின் மேல் குழிக்குள் உட்காருவதுபோல உட்காரும். டிரெய்லர் நகர்ந்தால் பார் குழியிலிருந்து மேலேற வேண்டும், அந்த எடை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். நேர்சாலையில் இதன் பிடிப்பு இனிமையானது. ஆனால் பொருத்துவதில் நிதானம் வேண்டும். ஒரு பக்கக் கேம் சற்றே முன்பின்னாக இருந்தால் டிரெய்லர் எப்போதும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே வரும். பொறுமையாக அளந்து மாட்டுகிறவர்களுக்கு நல்லது.

ப்ளூ ஆக்ஸ் ஸ்வேப்ரோ வளைந்துகொடுக்கும் ஸ்பிரிங் எஃகு பார்களைச் சங்கிலியால் இழுத்துக் கட்டுகிறது. அந்த இழுவிசையே டிரெய்லரை நேர்கோட்டுக்குத் திருப்புகிறது. உரசும் பரப்பு இல்லாததால் அமைதியானது, மாட்டுவதும் எளிது. பார்களின் தரம் உங்கள் டங் வெயிட்டுக்குப் பொருந்த வேண்டும். அதிகத் திறனுள்ளதை வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது தவறு, கனத்த பார் வளையாது, அதன் வேலையும் நடக்காது, சவாரியும் முரடாகும்.

ஆண்டர்சன் நோ-ஸ்வே மனிதர்களை உடனே கவர்ந்துவிடும். ஏறக்குறைய 60 பவுண்டுதான், சத்தமே கிடையாது, கிரீஸும் கையில் ஒட்டாது. பந்து தானே கூம்பு வடிவ உராய்வுப் பொருளுக்குள் சுழலும், பக்கச் சங்கிலிகள் ரப்பர் போன்ற யூரேத்தேன் புஷ்களை அழுத்திக்கொண்டு எடையைப் பகிரும். நான் இதையும் மாட்டிப் பார்த்தேன். ஆட்டத்தை நன்றாகவே அடக்கியது. ஆனால் கனமான டங் வெயிட்டில் முன்சக்கரங்களை இறக்குவதில் ஸ்டீல் பார்களுக்கு ஈடாகவில்லை. லேசான டிரெய்லரும் முதுகுவலியும் உள்ளவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு என்பேன்.

கடைசி வகை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைக்கவே கூடாதது. ஹென்ஸ்லி ஆரோ, ப்ரோப்ரைட் 3பி இரண்டும் ஜிம் ஹென்ஸ்லி வடிவமைத்தவை. வண்டியின் பின்அச்சுக்குப் பின்னால் நான்கைந்து அடி தள்ளி பந்து இருப்பதுதான் ஆட்டத்தின் வேர். டிரெய்லர் அந்த நீட்டத்தைப் பிடித்து வண்டியின் பின்புறத்தையே திருப்புகிறது. இந்த ஹிட்ச்கள் முன்னோக்கிக் குவியும் இணைப்புத் தண்டுகளால் சுழல்மையத்தைப் பின்அச்சுக்கு அருகே கொண்டுபோய்விடுகின்றன. பந்து பின்னாலேயே இருக்கும், ஆனால் டிரெய்லர் அச்சருகே சுழல்வதுபோல நடந்துகொள்ளும். நம் ஸ்டியரிங் டிரெய்லரைத் திருப்பும், டிரெய்லரால் வண்டியைத் திருப்ப முடியாது. ஆட்டத்தைத் தடுப்பது வேறு, அதற்கான நெம்புகோலையே பறிப்பது வேறு.

இப்படிப்பட்ட ஹிட்ச்சோடு 30 அடி டிரெய்லரை இழுத்த ஒரு நண்பரின் வண்டியில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். லாரிகள் கடந்தபோது வண்டியும் டிரெய்லரும் ஒரே பொருளாக ஓரமாக நகர்ந்தன, அவ்வளவுதான். ஆனால் அதன் எடை 200 பவுண்டு அளவில் வருகிறது, அதுவும் டிரெய்லரின் முன்முனையிலேயே தொங்கி டங் வெயிட்டில் சேரும். மாட்டும்போது வண்டியின் கூர்முனைத் தண்டு ஹிட்ச்சின் பெட்டிக்குள் நேராக நுழைய வேண்டும். சரிவான இடத்தில் கோணம் பொருந்தாமல் நண்பர் ஜாக்கை ஏற்றியும் இறக்கியும் நான்கு முறை முயன்றதைப் பார்த்தேன். விலையும் மற்றவற்றைவிடப் பல மடங்கு.

ஐரோப்பிய கேரவன் இழுப்பவர்களுக்குப் பாதை வேறு. அங்கே ஆல்-கோ ஏகேஎஸ் போன்ற கப்ளர், 50 மில்லிமீட்டர் பந்தையே உராய்வுப் பட்டைகளால் கவ்வுகிறது. பந்தில் கிரீஸோ பெயின்ட்டோ இருக்கவே கூடாது. பழக்கத்தில் ஒருவர் பந்துக்கு கிரீஸ் தடவிவிட்டால் பட்டைகள் பாழ்.

வண்டியிலேயே வரும் எலெக்ட்ரானிக் ஆட்டக் கட்டுப்பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், இருந்தால் அணைக்காதீர்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகே அது சக்கரங்களை மாற்றி மாற்றிப் பிரேக் பிடிக்கும். ஹிட்ச்சுக்கு அது பதில் அல்ல.

என் தீர்ப்பு இதுதான். பிக்கப் வண்டி, 20 முதல் 27 அடி டிரெய்லர் என்றால் நாலுமுனை உராய்வு ஹிட்ச், சத்தம் தாங்காதவர்களுக்கு ஸ்வேப்ரோ. டிரெய்லர் லேசாக இருந்து அடிக்கடி மாட்டிக் கழற்றினால் ஆண்டர்சன். டிரெய்லர் 30 அடியைத் தொட்டாலோ, குட்டை வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) எஸ்யூவியால் நீண்ட டிரெய்லரை இழுத்தாலோ ஹென்ஸ்லி வகைக்குச் சேமியுங்கள், அல்லது சின்ன டிரெய்லர் வாங்குங்கள். இரண்டாவது வழி அவமானமே இல்லை. வாங்குமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள், எடைபகிர் ஹிட்ச்சையே வேண்டாம் என்று சொல்லும் வண்டிகளும் உண்டு.

எதை வாங்கினாலும் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சமதரையில் நின்று, முன்சக்கரத்துக்கு நேர்மேலே தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்தின் மேல்மூடி) விளிம்புவரை அளந்து எழுதுங்கள். டிரெய்லர் மாட்டாமல் ஒருமுறை, மாட்டிப் பார்கள் இல்லாமல் ஒருமுறை, பார்களோடு ஒருமுறை. என் வண்டியில் முதல் அளவு 36 அங்குலம், இரண்டாவது 37, மூன்றாவது 36¼. எவ்வளவு திரும்பி இறங்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், சில வண்டிகளுக்கு முழுவதும், சிலவற்றுக்குப் பாதி. அந்த மூன்று எண்களும் இன்னும் என் டூல்பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதியிருக்கின்றன, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் மூன்றாவதை மட்டும் மறுபடி அளந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.