மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர்: ஆறு வாரம் பயன்படுத்திய பிறகு

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் எடைக்கு வாங்கிய கேரியர் இது. கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. 1 கிலோ 150 கிராம், கிலோ 620 ரூபாய் கணக்கில் 713 ரூபாய். கடைக்கார அண்ணன் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டலை, அசல் சரக்கு" என்றார். மலிவான 202 ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, அதனால் அந்த வித்தையை நம்பி யாரும் வாங்க வேண்டாம். நான் அடித்தட்டைத் தட்டிப் பார்த்தேன், கனமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

இதற்கு முன்னால் ஐந்து வருடமாக என்னிடம் இருந்தது கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மதியம் அந்த டப்பாவை அப்படியே மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுவேன். நான் கர்ப்பமாகி ஏழாம் மாதம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் கழுவும்போது கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 7. உள்பக்கம் ஆடை படிந்த மாதிரி மங்கிப்போய், மூலையில் மயிரிழை விரிசல், அதற்குள் போகவே போகாத மஞ்சள் கறை. 7 என்றால் 'மற்றவை' என்றுதான் அர்த்தம். ஆனால் கெட்டியாக, கண்ணாடி போல இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். அதைச் செய்வதே பிஸ்பினால் ஏ என்ற பிபிஏவை வைத்துத்தான். சூடும் பழசும் சேர்ந்தால் அது துளித்துளியாகச் சாப்பாட்டில் இறங்கும்.

வாரத்துக்கு நாலைந்து தடவையாவது பச்சைக் குழந்தைக்குப் பிலிருபின் (காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் நிறமி) பார்க்கச் சொல்லி எங்களுக்கு சாம்பிள் வரும். பிறந்த பிள்ளைக்குக் காமாலை வருவதற்கு முக்கியக் காரணம், பிலிருபினைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு கோத்து வெளியே தள்ளும் நொதி அதன் கல்லீரலில் இன்னும் தேறாததுதான். பிபிஏவைக் கழிப்பதும் அதே குடும்பத்து நொதிகள். நான் விழுங்கியதில் பெரும்பகுதி ஒரு நாளைக்குள் சிறுநீரில் போய்விடும். நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போனது? வெளியே வந்த பிள்ளைக்கே தேறாத வேலையை வயிற்றில் இருக்கும் பிள்ளை எப்படிச் செய்யும்? டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றபோது இதுதான் ஓடியது. அன்றைக்கே அதில் ஊசி நூல் போட்டுவிட்டேன்.

அதற்காகப் பயமுறுத்தவும் விரும்பவில்லை. சினையாக இருக்கும்போது பிபிஏ கொடுத்த எலிகளின் குட்டிகளுக்கு, வளர்ந்த பின் கல்லீரலில் கொழுப்பு படிவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களில் கதை அவ்வளவு நேராக இல்லை. 2022இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 6 நாடுகளின் 1,108 தாய்-பிள்ளை ஜோடிகளைப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் பிஎஃப்ஏஎஸ் (ஒட்டாத பாத்திரப் பூச்சு போன்றவற்றில் வருவது) வகை ரசாயனங்கள் உடம்பில் அதிகமிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, எட்டு வயது வாக்கில் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருப்பது, அதாவது கல்லீரல் பாதிப்பின் அறிகுறி, அதிகம். பிபிஏ சேர்ந்த ஃபீனால் வகையில் அப்படி வரவில்லை. சில மணி நேரத்தில் கழிந்துவிடும் பொருளை ஒன்றிரண்டு சிறுநீர் சாம்பிளில் அளந்தால் கணக்கு சரியாக வராது என்பது லேபில் இருப்பவளுக்குத் தெரியும். ஆனாலும் 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கான தினசரி வரம்பை உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமுக்கு இறக்கியது. 20,000 மடங்கு குறைவு. எனக்கு அது போதும்.

"பிபிஏ ஃப்ரீ" ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சில பொருள்களில் பிபிஏவை எடுத்துவிட்டு அதன் தம்பி பிஸ்பினால் எஸ் என்ற பிபிஎஸ்ஸைப் போடுகிறார்கள். இதில் வேடிக்கை, கேரியருக்கு அந்த அண்ணன் நீட்டிய பில்லும் வழவழ தாள்தான். சூட்டில் எழுத்து வரும் அந்தத் தாளில் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ பூசியிருப்பது சகஜம். பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

அம்மாதான் முணுமுணுத்தார். "நாங்கள்லாம் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணிதான் குடிச்சோம். நீ என்ன குறைஞ்சா போயிட்ட?" குடம் வேறு பிளாஸ்டிக், அதைச் செய்ய பிபிஏ தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

சரி, கேரியருக்கு வருகிறேன். அடுக்குகள் சிக்காமல் கழல்கின்றன. கீழடுக்கில் சோறு ஒரு மணி வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கிறது, பொரியல் ஆறிப்போகிறது. மைக்ரோவேவில் வைக்க முடியாது. சாம்பிள் சூடு பண்ணும் வாட்டர் பாத்தில் இறக்கினால் என்ன என்று ஒருநாள் தோன்றியதை மேலாளரிடம் சொல்லவில்லை. பெயர் வெட்டியது இலவசம், ஆனால் என் இனிஷியலைத் தப்பாக வெட்டிவிட்டார்.

பெரிய குறை ஒன்றுதான். வாஷர் கிடையாது, வெறும் தகரத்தோடு தகரம் உட்காருகிறது. குழம்பு கெட்டியாக இருந்தால் பிரச்சினையில்லை. ரசம் ஊற்றினால் பேருந்தில் மடியெல்லாம் ரசம், இரண்டு சேலை போயிற்று. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் பத்தியச் சாப்பாடு இதில்தான் வரும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். பூண்டு ரசம் இல்லாமல் அம்மாவின் பத்தியம் கிடையாது. அதற்குள் மூடி இறுக்கமான தூக்கு ஒன்று பார்க்க வேண்டும்.