லேசர் தூரமானியா, ஜிபிஎஸ் கைக்கடிகாரமா?

கோல்ஃப் பழகுபவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் இடையில் தடுமாறுகிறார்கள். இரண்டும் தூரம் சொல்பவைதான். சொல்லும் தூரம் வேறு.

துல்லியம்
லேசர்: குழியில் நட்ட கொடிக்கம்பம்வரை ஏறக்குறைய ஒரு கஜத் துல்லியம். கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கை ஆடினால் பின்னாலுள்ள மரத்தை அளந்துவிடும்.
ஜிபிஎஸ்: கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் திடல்) முன், நடு, பின் தூரங்கள். மேட்டுக்கு அப்பால் கிரீன் மறைந்திருந்தாலும் காட்டும்.

பொழுதுபோக்காக ஆடும் நமக்கு அந்த மூன்று எண்களே பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. நம் ஏழாம் எண் அயர்ன் கிளப்பால் (மட்டையால்) அடித்த பந்து ஒவ்வொரு முறையும் ஒரே தூரம் போவதில்லை. கொடி 143 கஜமா, 146 கஜமா என்று தெரிந்து என்ன பயன்? முன்னால் மணற்குழி வாய் பிளந்திருக்கும்போது அதைத் தாண்ட எவ்வளவு வேண்டும் என்பதே முதல் கேள்வி.

பராமரிப்பு
லேசர்: பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். மூடுபனியில் திணறும்.
ஜிபிஎஸ்: அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும்.

விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டிலும் மலிவும் உண்டு, ஆடம்பரமும் உண்டு.

போட்டிகளில் ஆடுபவர்கள் கவனிக்க: 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தூரம் அளப்பதைப் பொதுவாக அனுமதித்தன, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதியை அல்ல. அந்த வசதியை அணைக்க முடிகிற கருவியையே வாங்குங்கள்.

புதியவர்களுக்கும் வேகமாக ஆட விரும்புபவர்களுக்கும் கைக்கடிகாரம். அடி சீராகிவிட்டவர்களுக்கும், பயிற்சித் திடலில் ஒவ்வொரு கிளப்பின் தூரத்தையும் அளந்து பழகுபவர்களுக்கும் லேசர்.