'ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட்' கிராமபோன்: பணம் அனுப்பும் முன் மோட்டாரைப் பாருங்கள்

ஹெச்எம்வி 102 என்பது 1931-ல் வந்த பெட்டி கிராமபோன். மூடினால் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும், குழாய் வெளியே தெரியாது. பழைய பொருள் சேர்ப்பவர்களுக்கு இதன் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. சென்னையில் பழைய சாமான் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் இதை ஆன்லைனில் 9,000 ரூபாய்க்குப் போட்டிருந்தார். "ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட். சின்னச் சின்ன வேலை இருக்கு, தெரிஞ்சவங்க கைக்குப் போனா பாடும்." படத்தில் சவுண்ட் பாக்ஸ் இருந்தது. அனுப்பிய வீடியோவில் ரெக்கார்டு வைக்கும் தட்டு சுற்றியது. பாகம் ஏதாவது குறைகிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எல்லாம் இருக்கு சார், சர்வீஸ் பண்ணா போதும்" என்றார்.

பார்சல் வந்தது. சவுண்ட் பாக்ஸ் இல்லை. முள்ளை மாட்டுவதும் அதில்தான், சத்தம் பிறப்பதும் அதில்தான். அது இல்லாத கிராமபோன் வெறும் பெட்டி. சாவி கொடுத்தால் இறுகவே இல்லை, கிணற்று ராட்டினம் போல அது பாட்டுக்குச் சுற்றியது. உள்ளே மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வீடியோவில் தட்டு எப்படிச் சுற்றியது? கையால் தள்ளிவிட்டால் எந்தத் தட்டும் சுற்றும்.

சரி, ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்று மோட்டார் இருக்கும் மேல்பலகையைக் கழற்றித் திருப்பினேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் இல்லை. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றில் நிற்பதே கவர்னரால்தான். ஒரு தண்டைச் சுற்றி, தட்டையான சின்ன ஸ்பிரிங்குகளில் மூன்று குண்டுகள். வேகம் ஏறினால் அவை விரியும், கூடவே ஒரு வட்டத்தகட்டை இழுத்துத் தோல் பட்டையில் உரசவைக்கும், வேகம் அடங்கும். அந்தத் தண்டு இருக்கவேண்டிய இடம் காலி. சுற்றிலும் கிரீஸ் தார் மாதிரி கறுத்துக் கிடக்க, அதைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் மட்டும் ஸ்குரூடிரைவர் கீறல் பளபளவென்று இருந்தது. காலத்தில் தொலைந்த பாகம் அப்படி இருக்காது. அண்மையில் யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். கொஞ்சமும் தயங்காமல், "சவுண்ட் பாக்ஸ் தனியா இருக்கு சார், 3,500 ஆகும்" என்றார். கவர்னரைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "ப்ராஜெக்ட்னு போட்டிருக்கேன்ல? ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் போனை எடுக்கவில்லை.

ரிப்பேர் தேவைப்படும் பொருள் வேறு, பாகத்தை உருவிய பொருள் வேறு. முதலாவதைத்தான் ப்ராஜெக்ட் என்பார்கள். பாகம் இல்லை என்று நேராகச் சொல்லி, அதற்கேற்ற விலை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் மேல்பலகையைத் தூக்கி மோட்டாரின் படம் கேளுங்கள். "திறக்கத் தெரியாது சார்" என்றால் விட்டுவிடுங்கள். வீடியோ என்றால் தட்டு நின்ற நிலையிலிருந்து தொடங்கி, சாவி கொடுத்து, பிரேக்கை விடுவித்து, ஒரு ரெக்கார்டு முழுதாக ஓடும்வரை வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். சவுண்ட் பாக்ஸின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். 102-இல் பெரும்பாலும் இருப்பது 5ஏ அல்லது 5பி என்ற வகை. பித்தளைக் குழாய் வைத்துப் புதிதாகச் செய்து, நாய் படம் ஒட்டி 'ஆன்டிக்' என்று விற்கிறார்களே, அந்த சவுண்ட் பாக்ஸை மாட்டித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன், ரெக்கார்டை அது அரைத்துவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரப் படம், வாட்ஸ்அப் பதில், பார்சல் பிரித்த வீடியோ மூன்றும் கைவசம் இருக்கின்றன. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இதற்கிடையில் 102-இன் கவர்னர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பணம்.