குடும்ப மரப் போர்வை: ஒரே துணியிலா, இலை இலையாகவா?

தாத்தா ஆச்சியின் சதாபிஷேகத்துக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோதுதான், குடும்ப மரத்தைப் போர்வையில் தைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. நான்கு தலைமுறை, 46 பெயர்கள். என்னிடம் இருந்தது 13×18 சென்டிமீட்டர் ஹூப் (துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம்) போடக்கூடிய எம்பிராய்டரி மெஷின். பெயர்களை ஏற்ற மூன்று வழி இருந்தது. ஐந்தடிக்கு ஆறடி காடாத் துணியில் மரத்தையும் பெயர்களையும் நேராகவே தைப்பது ஒன்று. வீட்டுக்கு ஒரு கட்டம் தைத்து, கட்டங்களை இணைப்பது இன்னொன்று. பெயர்களைத் தனித்தனி இலைகளாகத் தைத்து மரத்தில் பிடிப்பது மூன்றாவது. முதல் வழியில் பாதித் தூரம் போய், விட்டுவிட்டு, இலைகளில் முடித்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

நூல், துணி விஷயத்தில் மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாலியஸ்டர் நூல் போதும். ரேயானுக்குப் பளபளப்பு அழகு, ஆனால் நனைந்தால் வலு குறையும். துவைக்கிற பொருளுக்கு வேண்டாம். காடாவை இரண்டு தடவை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி எழுத்தைச் சுருட்டிவிடும். பின்பக்கத்துக்கு ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையை வைத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சு தேவையில்லை என்று நடுவில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்தேன்.

எழுத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். என் மெஷினுக்குள்ளேயே வரும் எழுத்துகளில் தமிழ் கிடையாது. இன்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் பெயரை அடித்து, அதை வடிவமாக மாற்றி, அதோடு சேர்ந்து இயங்கும், இலவசமாகக் கிடைக்கும் இன்க்/ஸ்டிச் மூலம் தையலாக்கினேன். ண, ணை, ஞா மாதிரி சுழி உள்ள எழுத்துகள் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் சுழி அடைந்துபோய்ப் பொட்டலமாகிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியோ துணிக்குள் புதைந்து காணாமல் போகிறது. புள்ளியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். தடித்த சாட்டின் தையலை (இடைவெளி இல்லாமல் பக்கவாட்டில் நெருக்கி நிரப்புவது) விட்டுவிட்டு, ஒரே கோட்டில் மூன்று தடவை போய்வரும் தையலைப் போட்டதும் பெயர்கள் வாசிக்கிற மாதிரி வந்தன.

சரி, ஒரே துணி. பார்க்க அதுதான் அழகு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளை ஓடி வந்து பெயரில் முடியும், எதுவும் தூக்கி நிற்காது, குழந்தைகள் பிய்க்கவும் எதுவும் இருக்காது. கஷ்டம், ஒவ்வொரு பெயருக்கும் ஹூப்பைக் கழற்றி மாட்டி நேர் பார்க்க வேண்டும். ஆறடித் துணியின் கனம் ஹூப்பை இழுத்தால் எழுத்து சாயும். துணியை மேசை மேல் தாங்கலாகக் குவித்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் பொறுமை இருந்தால் சமாளிக்கலாம். நானும் 27 பெயர் வரை சமாளித்தேன்.

அன்றைக்கு அத்தை வந்து பார்த்தாள். விரலால் தடவிக்கொண்டே போனவள் தன் பெயரில் நின்றாள். “ஏட்டி, எம்பேருக்குக் கொம்பு எங்க?” அத்தை பெயர் ‘லெட்சுமி’ என்று முடியும். நான் ‘லட்சுமி’ என்று தைத்திருந்தேன். ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் இத்தனை வருடமாக அவள் கையெழுத்துப் போடுவது கொம்போடுதான். அவள் சொன்னதுதான் சரி.

பின்பக்கமிருந்து பாபின் நூலை (தையலின் அடிநூல்) அறுத்துப் பிரித்தேன். மூன்று தடவை போய்வந்த தையல் லேசில் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. நூல் போனது, துளை போகவில்லை. அதே இடத்தில் ஊசி மறுபடி இறங்கியபோது துணி நைந்து, எழுத்தைச் சுற்றி முகம் சுளித்த மாதிரி சுருக்கம் விழுந்தது. அங்கேதான் நிறுத்தினேன். நான்கு தலைமுறைப் பெயரில் ஒரு பிழையாவது வராமல் இருக்காது. பிழையே இல்லாவிட்டாலும் கல்யாணம் வரும், குழந்தை பிறக்கும். திருத்தவும் சேர்க்கவும் முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்து மீதி வழிகளைத் திரும்பப் பார்த்தேன்.

கட்டமாகச் செய்வது பழைய, நம்பகமான வழி. அமெரிக்காவின் பால்டிமோரில் 1840களில் ஆல்பம் குவில்ட் என்று கட்டங்களை இணைத்த போர்வை செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டம் தைத்து, பலதில் மையால் பெயரும் எழுதி, எல்லாவற்றையும் இணைத்தார்கள். ஒரு கட்டம் கெட்டால் அதை மட்டும் திரும்பத் தைக்கலாம், ஆனால் இணைப்பதற்கு முன்னால் மட்டுமே. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு ஒரு கட்டத்தை மாற்ற நான்கு பக்கமும் பிரிக்க வேண்டும். புது வீட்டைச் சேர்க்க ஓரத்தை அவிழ்த்து ஒரு வரிசை முழுவதும் கூட்ட வேண்டும். இந்த முறையில் நான் செய்தது ஒரு சின்னத் தொட்டில் விரிப்பு மட்டும்தான், அதனால் பழகியவர்கள் சொல்வதை என் சொல்லுக்கு மேலே வையுங்கள்.

இனி இலை. தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரை (தைக்கும்போது துணியைத் தாங்கும் தாள்) இரண்டு அடுக்கு ஹூப்பில் மாட்டி, மேலே இரட்டைப் பருத்தித் துணி வைத்து, முதலில் பெயர், பிறகு இலையின் வெளிக்கோடு. கோட்டுக்கு வெளியே உள்ள துணியைக் கத்தரித்துவிட்டு ஓரத்தில் நெருக்கமான சாட்டின் தையல். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் இலை தனியாக வந்துவிடும். ஓர் இலை 5×10 சென்டிமீட்டர். என் ஹூப்பில் மூன்று அடங்கும். 46 தடவை மாட்ட வேண்டியது 16 தடவையாகக் குறைந்தது. இலைக்குச் சுமார் 15 நிமிடம், ஆக மெஷின் ஓடிய நேரமே 11 மணிக்கு மேல். கெட்டுப்போனால் போவது ஓர் இலைதான். எனக்கு ஐந்து கெட்டன.

மரத்தில் பிடிக்கும்போது பசை வைக்காதீர்கள், ஓரம் முழுவதும் தைக்காதீர்கள். நடு நரம்பில் மட்டும் ஒரு நேர்த்தையல் போதும். மூன்று அடுக்கையும் அதுவே சேர்த்துப் பிடிக்கிறது, இலை ஓரமும் லேசாக எழும்பி நிற்கிறது. மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒற்றைக் கோட்டைப் பிரித்தால் போதும், துணிக்கு ஒன்றும் ஆகாது. விழாவுக்கு முந்தின நாள் சித்தப்பா ஒரு பிறந்த ஆண்டைத் திருத்தச் சொன்னார். இலை தைக்கிற நேரம் போக மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆனது.

குறையும் உண்டு. துவைத்தால் ஓரம் சுருள்கிறது, இஸ்திரி போட வேண்டும். இரண்டு வருடத்தில் ஆறேழு தடவை கையால் துவைத்திருக்கிறோம், எந்த இலையும் வரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டதில்லை. தினமும் போர்த்துகிற வீடாக இருந்தால், சின்னக் குழந்தைகள் இருந்தால், நான்கு பக்கமும் தைத்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். ஆச்சி இதைக் கட்டிலில் விரிப்பதோடு சரி.

தாத்தா போன வருடம் தவறினார். இலையில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கிறது, மற்றதையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். ஆச்சி வேண்டாம் என்றுவிட்டாள். அப்புறம் இரண்டு புது இலைகள் சேர்ந்தன, ஒரு மருமகளுக்கும் ஒரு பேத்திக்கும். அவற்றை மேல் துணியில் மட்டும் கையால் பிடித்தேன்.

இந்த வழியில் இறங்குகிறவர்கள் ஒரு வேலையை முதலிலேயே செய்துவிடுங்கள். இலைத் துணி அரை மீட்டர் கூடுதலாக எடுத்து, மற்றதோடு சேர்த்தே அலசி, மடித்து வையுங்கள். நூலின் நிற எண், எழுத்தின் உயரம், தையல் கோப்பு ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். நான் துணியை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். பேத்தியின் இலை மற்ற இலைகளைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்கிறது.