விமான நிலையம் – துரைப்பாக்கம்: சென்னைக்கு ஒரு குறுக்கு மெட்ரோ வேண்டும்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தபோது சென்னை மெட்ரோவை மனதாரப் பாராட்டத் தோன்றியது. மீனம்பாக்கத்தில் இறங்கினால் பெட்டியை உருட்டிக்கொண்டே ரயிலுக்குப் போய்விடலாம். 'சென்னை ஒன்' செயலியில் எடுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் செல்லும். முழங்கால் வலியுள்ள அம்மாவை சென்ட்ரல்வரை அழைத்துப் போய்வந்தேன். லிஃப்ட், இருக்கை, குளிர்சாதனம் எதிலும் குறையில்லை.

சிக்கல் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோதுதான். அவள் இருப்பது துரைப்பாக்கத்தில். பல்லாவரத்திலிருந்து 200 அடி ரேடியல் ரோடு நேராக அங்கே போகிறது, சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வழியில் ரயில் இல்லை. மாலை நேரத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் தயங்கினார்: "ரேடியல் ரோடா சார்? இப்போ போனா எப்போ திரும்புவேன்னு எனக்கே தெரியாது." அவர் சொன்னது மிகையில்லை. கீழ்க்கட்டளை தாண்டுவதற்குள் அம்மா களைத்துப்போனார்.

118.9 கி.மீ. நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம் வந்தால் இது தீருமா என்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். 5-ஆவது வழித்தடம் ஆலந்தூரிலிருந்து மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறது. 3-ஆவது வழித்தடம் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாகச் சிறுசேரிக்கு. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்வரை 15.46 கி.மீ. நீட்டிக்கும் திட்டமும் இருக்கிறது. இவை எல்லாமே பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஏணிக்குக் கால்கள் இருக்கின்றன, படிகள் இல்லை. ரயிலிலேயே துரைப்பாக்கம் போக நினைப்பவர் ஆலந்தூருக்கு வடக்கே போய், சோழிங்கநல்லூர்வரை தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏறவேண்டும்!

அதனால் என் யோசனை இது: விமான நிலையம், பல்லாவரம், கீழ்க்கட்டளை, துரைப்பாக்கம் என்று ஒரு குறுக்குத் தடம். பல்லாவரத்தில் புறநகர் ரயில், கீழ்க்கட்டளையில் 5-ஆவது தடம், துரைப்பாக்கத்தில் 3-ஆவது தடம் என மூன்றும் இணைந்துவிடும். கிளாம்பாக்கம் நீட்டிப்பும் வந்துவிட்டால், விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வருபவரும் ஓ.எம்.ஆர். வேலைக்கு நகருக்குள் நுழையாமலே போகலாம். சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் செய்வது இதைத்தான். மையத்தை நோக்கி ஓடும் தடங்களைக் குறுக்கே சேர்க்கிறது.

விமான நிலையம் முதல் பல்லாவரம்வரை சுரங்கம்தான் சரி. ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, நெருக்கமான கடைகள் என்று மேலே இடமே இல்லை. வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வெறும் 5 கி.மீ.தான், நிலம் எடுக்கும் பிரச்சினையால் அது எத்தனை ஆண்டுகள் இழுத்தது என்று ஆதம்பாக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். பல்லாவரத்துக்குக் கிழக்கே அகலமான சாலை இருப்பதால் நடுவில் தூண் நிறுத்தலாம்.

பள்ளிக்கரணையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் மழைநீர் அங்கே தேங்கித்தான் கடலுக்கு வடிகிறது. சாலையின் இப்போதைய அகலத்தைத் தாண்டி ஒரு அடி நிலம்கூட எடுக்கக்கூடாது. பணிமனையை அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கீழ்க்கட்டளையிலும் துரைப்பாக்கத்திலும் பின்னாளில் இரு தடங்களின் நிலையங்களை இணைக்கும் நடைமேம்பாலம் சேர்ப்பதற்கான இடத்தை இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டால் பிறகு இடிக்கத்தான் செலவழிப்போம்.