வெளிநாட்டுல ட்யூஷன் சென்டர் போட நுங்கம்பாக்கம் கன்சல்டன்சிக்கு போனேன், நடந்தது இதுதான்

நான் நங்கநல்லூர்ல 14 வருஷமா மேத்ஸ் ட்யூஷன் எடுக்குறேன். தம்பி குடும்பத்தோட ஷார்ஜால இருக்கான், அவன் வொய்ஃப் பி.எட் முடிச்சவ, கல்யாணத்துக்கு முன்னாடி தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ. இங்க சிபிஎஸ்இ படிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு நல்ல மேத்ஸ் டீச்சர் கிடைக்காம அலையுறாங்க அண்ணி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சென்டர் போடலாமேன்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தா. நகை அடகு வச்சு பண்ற காரியம், எது பண்ணாலும் சட்டப்படி பண்ணணும்னு நான் உறுதியா இருந்தேன். அதனாலதான் நுங்கம்பாக்கத்துல வெளிநாட்டு பிசினஸ் செட்டப் பண்ணிக் கொடுக்குற ஒரு கன்சல்டன்சிக்கு போனேன். பேர் போடல. இதே மாதிரி பேக்கேஜ் விக்கிற ஆபீஸ் சென்னைல நிறைய இருக்கு, யார்கிட்ட போனாலும் இதெல்லாம் கேட்டுட்டு பணம் கட்டுங்கன்னுதான் எழுதுறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். சர்டிஃபிகேட் அட்டெஸ்டேஷன் வேலை, அதாவது டிகிரி அசல்தான்னு அரசு சீல் வாங்கிக் கொடுக்குறது, அருமையா பண்ணாங்க. தம்பி வொய்ஃபோட பி.எட் டிகிரி எங்க வீட்லதான் இருந்துச்சு, பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ லேமினேட் பண்ணி வச்சது. அப்படியே கொடுத்தா சீல் குத்த முடியாதுன்னு சொல்லி, அங்க ஒரு பொண்ணு டேபிள்ல உக்காந்து முக்கால் மணி நேரம், ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டி அந்த பிளாஸ்டிக்கை உரிச்சா, யுனிவர்சிட்டி சீல் ஒரு துளி கூட அழியல. அப்புறம் தமிழ்நாடு அரசு வெரிஃபிகேஷன், வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் எம்பஸின்னு வரிசையா முடிச்சு வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தாங்க. அட்டெஸ்டேஷன் மட்டும்னா தைரியமா போகலாம்.

பிரச்சனை செட்டப் பேக்கேஜ்ல. 85 ஆயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டு ஒரு கொட்டேஷன் கொடுத்தாங்க. 'துபாய், அல் நஹ்தா'ன்னு போட்டு, கேஹெச்டிஏ (துபாயோட கல்வி அத்தாரிட்டி) அப்ரூவல்னு ஒரு தொகை. தம்பிக்கு வாட்ஸப்ல அனுப்பினேன், அவன் உடனே கூப்பிட்டு அக்கா நம்ம பார்த்து வச்ச இடம் ஷார்ஜா அல் நஹ்தா, நீ துபாய்னு சொன்னியான்னு கேக்குறான். அல் நஹ்தான்னு ரெண்டு ஏரியா இருக்கு, துபாய் பக்கம் ஒண்ணு, பார்டர் தாண்டி ஷார்ஜா பக்கம் ஒண்ணு, பக்கத்து பக்கத்துல. நமக்கு பல்லாவரம் குரோம்பேட்டை மாதிரி தோணும், ஆனா துபாய், அபுதாபி, ஷார்ஜான்னு இந்த மூணு எமிரேட்டுக்கும் (எமிரேட்னா அங்க மாநிலம் மாதிரி) பிரைவேட் எஜுகேஷனுக்கு தனித்தனி அத்தாரிட்டி. துபாய்னா கேஹெச்டிஏ, அபுதாபின்னா ஏடெக், ஷார்ஜான்னா 2018ல ஆரம்பிச்ச ஷார்ஜா பிரைவேட் எஜுகேஷன் அத்தாரிட்டி. ஷார்ஜால இருக்குற கடைக்கு துபாய் அப்ரூவல் வாங்கி என்ன செய்றது? நான் ஃபார்ம்ல முழு அட்ரஸும் எழுதிக் கொடுத்திருந்தேன். யாரும் படிக்கவே இல்ல.

இதைக்கூட கவனக்குறைவுன்னு விட்டுடலாம். அடுத்தது விடவே முடியாது. கொட்டேஷன்ல லைசென்ஸ் ஆக்டிவிட்டின்னு ஒரு வரி, அதுல 'மேனேஜ்மென்ட் கன்சல்டன்சி'ன்னு போட்டிருந்தாங்க, அதுவும் ஒரு ஃப்ரீ ஸோன் (கம்பெனிகளுக்குன்னு தனி ரூல்ஸோட ஒதுக்கின ஏரியா) லைசென்ஸ். ஏன் சார் ட்யூஷன் சென்டருக்கு இதுன்னு கேட்டா, இதுதான் மேடம் சீப், சீக்கிரம் வரும், கிளாஸ் நீங்க பாட்டுக்கு நடத்திக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னாரு. எனக்கு அங்கயே வயித்தைக் கலக்கிடுச்சு. கம்பெனி பதிவு பண்றது வேற, பாடம் நடத்த அனுமதி வாங்குறது வேற. ட்ரேட் லைசென்ஸ் கையில இருந்தாலும் எஜுகேஷன் அத்தாரிட்டி பர்மிட் இல்லாம புள்ளைங்களை உக்கார வச்சு கிளாஸ் எடுத்தா அது சட்டவிரோதம். அதுபோக ஃப்ரீ ஸோன் லைசென்ஸை வச்சுக்கிட்டு ஸோனுக்கு வெளிய தெருவுல கடை பிடிச்சு நடத்தவும் முடியாது, அதுக்கு தனியா அனுமதி வேணும். நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தா மாட்டுறது அங்க விசால இருக்குற என் தம்பி குடும்பம். நுங்கம்பாக்கத்துல உக்காந்து கையெழுத்து வாங்குனவருக்கு ஒண்ணும் ஆகாது.

டாக்ஸே கிடையாதுன்னும் சொன்னாங்க. 2023 ஜூன்ல இருந்து எமிரேட்ஸ்ல கார்ப்பரேட் டாக்ஸ் வந்தாச்சு, வருஷ லாபம் 3,75,000 திர்ஹாமுக்கு மேல போனா 9 சதவீதம். எங்களோட சின்ன சென்டருக்கு அவ்வளவு லாபம் வராதுதான், ஆனாலும் விஷயம் தெரிஞ்சவங்க டாக்ஸே இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

கடைசியா பணம் அனுப்புற விஷயம். தம்பி அக்கவுண்டுக்கு குடும்ப செலவுன்னு போட்டு அனுப்பிடுங்க மேடம், பேங்க்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து தூக்கமே வரல. அடுத்த நாள் வெஸ்ட் மாம்பலத்துல என் ஸ்டூடண்ட் ஒருத்தியோட அப்பா, அவர் சிஏ, அவரைப் போய் பார்த்தேன். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு சொன்னாரு, 3000 ரூபாதான் ஃபீஸ் வாங்கினாரு. அவர் சொன்னதை எனக்கு புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன்.

நம்ம ஊர்ல இருக்குற ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் வெளிய அனுப்பலாம், அதான் எல்ஆர்எஸ். தம்பிக்கு கிஃப்டா கொடுக்குறதும் அதுக்குள்ள வரும், தப்பில்ல, ஆனா அப்போ கம்பெனி முழுக்க அவனோடது, எனக்கு அதுல பங்கு கிடையாது. என் பேர்ல ஷேர் வேணும்னா அது வெளிநாட்டு நேரடி முதலீடு, 2022ல வந்த ரூல்ஸ்படி பேங்க் மூலமா ஃபார்ம் எஃப்சி கொடுத்து, அந்த முதலீட்டுக்குன்னு ஒரு அடையாள எண் (யுஐஎன்) வாங்கிட்டுதான் அனுப்பணும். அப்புறம் வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ரிப்போர்ட் கொடுக்கணும், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துன்னு காட்டணும். வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா மேல போற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிக்கும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் கைக்காசு முடங்கும். முதலீட்டை குடும்ப செலவுன்னு பொய்யா எழுதினா ஃபெமா (அந்நியச் செலாவணி சட்டம்) மீறல், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கும்மான்னாரு. அந்த மூணு மடங்கை கேட்டதும் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு எனக்கு.

அதைவிட முக்கியமான ஒண்ணும் அவர்தான் சொன்னாரு. எதுக்கும்மா முதல்லயே சென்டர், உங்க தம்பி மனைவி பேர்ல ப்ரைவேட் ட்யூட்டர் பர்மிட் கிடைக்குமான்னு பாருங்களேன்னாரு. 2023 டிசம்பர்ல எமிரேட்ஸ் அரசு கொண்டு வந்திருக்கு, ஸ்கூல் டீச்சருங்க, வேலை இல்லாதவங்கன்னு பல பேர் அப்ளை பண்ணலாம், ரெண்டு வருஷத்துக்கு செல்லும், ஃபீஸே கிடையாது, நடத்தை விதிகள்ல ஒரு கையெழுத்து போடணும் அவ்வளவுதான். கன்சல்டன்சில மூணு தடவை உக்காந்து பேசியிருக்கேன், தம்பி வொய்ஃப் பி.எட் படிச்சிருக்கான்னு தெரியும், அட்டெஸ்டேஷன் பண்ணதே அவங்கதான், ஒருத்தர் கூட இந்த பேச்சை எடுக்கல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. நானும் டீச்சர்தான், அஞ்சு கணக்கு சொல்லிக் கொடுத்தா போதும்ங்கிற பையன்கிட்ட வருஷ ஃபீஸ் வாங்கினதே இல்ல.

இன்னொன்னு, நான் இங்க இருந்தே ஆன்லைன்ல அந்த புள்ளைங்களுக்கு கிளாஸ் எடுத்தா அது சர்வீஸ் எக்ஸ்போர்ட், என் மொத்த வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்குற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாது, தாண்டினா பதிவு பண்ணி எல்யுடின்னு ஒரு உறுதிமொழி கொடுத்துட்டா ஜீரோ ரேட், அதாவது வரி கிடையாது. பணம் பேங்க் வழியா வரணும், வருமான வரி கட்டணும். இப்போதைக்கு இந்த வழில ஆறு புள்ளைங்க சேர்ந்திருக்காங்க, சாயங்காலம் ஏழரைக்கு கிளாஸ், அங்க ஆறு மணி.

அதே ஆபீஸ்ல எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா சிங்கப்பூருக்கு விசாரிச்சாங்க. அவங்ககிட்டயும் கம்பெனி பதிவைத்தான் பேசினாங்க. அங்க பத்து பேர் இல்ல அதுக்கு மேல ஸ்டூடண்ட்ஸ் இருந்தா ட்யூஷன் சென்டரையும் கல்வி அமைச்சகத்துல பதிவு பண்ணணும், கம்பெனிக்கு அங்கயே குடியிருக்குற டைரக்டர் ஒருத்தராவது வேணும். லண்டன் பக்கம்னா முழுநேரமா அஞ்சு இல்ல அதுக்கு மேல புள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்தாலே அது ஸ்கூல் கணக்கு, பதிவு பண்ணாம நடத்தினா கிரிமினல் குற்றம். அந்தம்மா நம்பர் வாங்கி இதெல்லாம் சொன்னேன், பாவம் அவங்க ஏற்கனவே பாதி கட்டிட்டாங்க.

போகத்தான் போறீங்கன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி லைசென்ஸ்ல வர்ற ஆக்டிவிட்டி என்னன்னு எழுத்துல கேளுங்க, எந்த ஊர் எஜுகேஷன் அத்தாரிட்டி பர்மிட்னு கேளுங்க, அது கிடைக்கலன்னா எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னு கேளுங்க. வாயால சொல்றதை நம்பாதீங்க. அட்டெஸ்டேஷனுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருவேன், செட்டப் பேக்கேஜுக்கு ஒண்ணு.

அட்வான்ஸ்ல 40 ஆயிரம் திரும்பி வந்துச்சு, அதுக்கு நாலு தடவை நேர்ல போனேன். மீதி 45 ஆயிரம் அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க, அதை மெயில்ல எழுதி வாங்கி வச்சிருக்கேன். தம்பி வொய்ஃப் போன வாரம் பர்மிட்டுக்கு அப்ளை பண்ணிட்டா, அந்த பி.எட் சர்டிஃபிகேட்டை ஸ்கேன் பண்ணித்தான் ஏத்தியிருக்கா.